இதர

காலை நாலரைக்கு என்னைச் சல்மாபாத் சாலையோரம்
இறக்கிவிட்டுப் போனது கம்பெனி வேன்.
மடக்கு நாற்காலி, தண்ணீர்ப் புட்டி,
ஐந்து பொத்தான் வைத்த எண்ணும் கருவி:
கார். லாரி. பஸ். பைக். இதர.

வெளிச்சம் வருவதற்குள்
இதர பொத்தானில் எழுத்து அழியத் தொடங்கிவிட்டது.

ஒரு இதர, தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடித்து
அதில் மூன்று தக்காளி கொண்டுபோனது.
இரண்டு இதர ஒரே சைக்கிளில்.
பின்னால் இருந்தவர் மடியில்
குழந்தையைப் போல ஒரு பழைய ஜன்னல் ஏசி.
ஒரு இதர எதிர்த்திசையில் மிதித்து வந்தது,
கோல்ட் ஸ்டோர் சைக்கிள், இருபக்கமும் தண்ணீர்க் கேன்.
ஏன் அண்ணே ராங் சைடு என்றேன்.
"முதுகுல வாங்குறதுக்கு
மூஞ்சியப் பாத்து வாங்கிக்கலாமே."
பெயர் இருதயம். உவரிப் பக்கம்.
படிவத்தில் பெயருக்குக் கட்டமில்லை.

ஆறு வழிச் சாலை. நடுவில் கம்பி வேலி.
வேலியில் ஒரு ஓட்டை,
ஒரு தோள் அகலம்.
முதலில் டிபன் கேரியர், அப்புறம் தலை, அப்புறம் ஆள்.
சைக்கிள் என்றால் ஹேண்டில்பாரைத் திருப்பிப்
படுக்கப் போட்டு இழுக்க வேண்டும்.
இருபுறமும் மணல் இறுகி
வெளுத்துக் கிடந்தது
யாரும் டெண்டர் விடாத பாதை.

ஒன்பது மணிக்குப் பிக்கப் வந்தது.
மொஃபசல் இறங்கினான், சில்லெட் பக்கத்துப் பையன்,
கண்ணாடி மாட்டி
ஓட்டையை வெல்டிங் வைத்து மூடினான்.
வாரம் இரண்டு தடவையாம், ஞாயிறும் புதனும்.
மத்தியானம் முழுக்க
இதர எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று
பாலம் இருக்கும் தூரத்தைப் பார்த்தன.
வெயிலில் அந்தப் பாலம் நெளிந்தது.

சாயங்காலம் வேலை விட்டு மொஃபசல் நடந்து வந்தான்.
அவன் கேம்ப் அந்தப் பக்கம்.
எல்லாக் கம்பியையும் இறுக வைத்தவன்
ஒன்றை மட்டும்
பட்டும் படாமல் பற்றவைத்திருந்தான்.
கையால் தள்ளினான். கதவு மாதிரி.
எனக்குப் பின்னால் நின்றவர்களையும் கூப்பிட்டான்.
நான் அழுத்தினேன்:
இதர, இதர, இதர, இதர.

நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு.
"கருவி கெட்டுப்போச்சா?" என்றார் இன்ஜினியர் ஹுதா.
இல்லை மேடம், என் கட்டைவிரல்தான்.
அந்த ஊரிலேயே பிறந்தவர்,
அந்தச் சாலையைக் காரில் ஆயிரம் முறை கடந்தவர்,
வெள்ளிக்கிழமை ஷூ போட்டுக்கொண்டு வந்தார்.
பதினோரு நிமிஷம் விளிம்பில் நின்றார்.
ஓட்டையில் நுழையும்போது அபாயா கம்பியில் மாட்டியது.
நான் எடுத்துவிடப் போனேன்.
வேண்டாம் என்று கை காட்டி
அவரே, மெதுவாக, நூல் நூலாக.

வரைபடத்தில் நான் போட்டிருந்த கடவை
இருநூற்று நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது,
விளக்குக் கம்பம் அங்கேதான் வசதி என்று.
சிவப்புப் பென்சில் அதைத் தூக்கி
ஓட்டையின் மேல் வைத்தது.

பிறகு பட்ஜெட் வந்தது.
முதலில் மரங்கள் போயின. நிழற்குடை போயிற்று.
சைக்கிள் தடம் இரண்டு மீட்டரிலிருந்து
ஒன்றரைக்கு இளைத்தது.
வரைந்த என் கையாலேயே எல்லாம் அழித்தேன்.
கடவை மட்டும் தங்கியது. இரண்டு பக்கமும் நடைபாதை,
அகலம் குறைவுதான்,
ஆனால் நடைபாதை.

மறுபடி எண்ணப் போனேன். புதுக் கருவி.
"நடப்பவர்" என்று பொத்தான், "சைக்கிள்" என்று பொத்தான்.
விரல் இன்னும் பழைய இடத்துக்கே போகிறது.
பச்சை மனிதன் சாவகாசமாக நடக்க
கார்கள் எல்லாம் நிற்க
இருதயம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்.

பழக்கதோஷம் என்று சிரித்தேன்.
அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தேன்.
விளக்கு தருவது பதினாலு விநாடி.
இரண்டு கேனோடு நடந்தால்
பத்தொன்பது.

ஐந்து விநாடி கேட்டு எழுதியிருக்கிறோம்.
ஹுதா கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
பதில் வரும்வரை
ஓடுங்கள் அண்ணே.